பையை அடுக்கியது யார்?

லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களுக்கு செக்-இன் வரிசைக்கு முன்பே ஒரு கேள்வி வரிசை இருப்பதுண்டு. கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்டிக்கர் சுருளுடன் சிலர் நிற்பார்கள். கேட்பது எல்லாரிடமும் ஒன்றுதான்: பையை அடுக்கியது யார், அடுக்கிய பிறகு உங்கள் பார்வையை விட்டு எங்காவது போனதா, யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா?

என்னுடன் வந்த அத்தைக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. "இவன்தான் அடுக்கினான்" என்று என்னைக் காட்டினார். யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்றதற்கு, "ஆமா, தெரிந்த பெண் ஒருத்தி அவள் அக்காவுக்கு ஒரு பார்சல் கொடுத்தாள்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது? "அடுத்தவங்க பார்சலை நான் எதுக்குப் பிரிக்கப்போறேன்?"

அவ்வளவுதான். எங்களைத் தனித்தனியாக நிறுத்தி அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். பார்சல் பிரிக்கப்பட்டது, குழந்தைத் துணிகளும் ஒரு போட்டோ ஆல்பமும் வெளியே வந்தன. நன்றி சொல்லி, இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அத்தை சொன்னது அத்தனையும் உண்மை. அங்கே அதுதான் சரியான பதிலும் கூட.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்மைக் கேட்டவர்கள் யார்? போலீஸ் மாதிரி தெரிந்தாலும் அவர்கள் விமான நிறுவனம் அமர்த்தியிருக்கும் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள். நம்மைக் கைது செய்ய முடியாது. பதில் சொல்லவில்லை என்பதற்காக வழக்குப் போடவும் முடியாது. ஆனால் "இவரை ஏற்ற வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விமானம் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். சட்டப் புத்தகத்தில் இருக்கும் மௌன உரிமையை வைத்துக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் பிறகு பயணம் முழுக்க ஒவ்வொரு சோதனையிலும் கேள்வியைவிடக் கேட்பவரைத்தான் அதிகம் கவனித்தேன். நம் உரிமையின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அமெரிக்காவில் இறங்கியதும் இமிக்ரேஷன். இங்கே இருப்பவர்கள் நாட்டின் எல்லையைக் காக்கும் அதிகாரிகள். அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், எவ்வளவு நேரம் கேள்வி கேட்டாலும் கடைசியில் உள்ளே விட்டாக வேண்டும். விசாவில் வந்தவர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. உள்ளே வரத் தகுதி உண்டு என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. பாஸ்போர்ட்டில் விசா இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. தனி அறைக்கு அழைத்துப்போய் விசாரித்தாலும், குற்ற விசாரணையாக மாறாதவரை, வழக்கறிஞர் வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது.

போனையும் வாரண்ட் இல்லாமல் பார்க்கலாம். போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் அவருடைய போனைப் பார்க்க வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது எல்லையில் செல்லுபடியாகவில்லை. எல்லை அதிகாரிகளுக்கென்று 2018-ல் வந்த உத்தரவு ஒன்று உண்டு. கருவியில் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும், இணையத்தில் சேமித்திருப்பதைத் திறக்கக் கூடாது, அதற்காக இணைப்பைத் துண்டித்துவிட்டே பார்க்க வேண்டும் என்கிறது அது. அதிகாரி போனைக் கேட்டால் "ஏர்பிளேன் மோடில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

எங்கள் போனை யாரும் கேட்கவில்லை. அத்தையிடம் "எத்தனை நாள், யார் வீட்டில்?" என்று கேட்டார் அதிகாரி. அத்தை பேரனின் படிப்பிலிருந்து தொடங்கினார். "அத்தை, கேட்டதற்கு மட்டும்" என்றேன் தமிழில். அதிகாரி என்னைப் பார்த்து, "அவர் பதில் சொல்லட்டும்" என்றார். மொழி சிக்கல் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உறவினர் நடுவில் புகுந்து பேசுவது அதிகாரிகளுக்குப் பிடிப்பதில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டுவரை சிறை. சத்தியம் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு.

உள்நாட்டு விமானத்துக்கான பாதுகாப்புச் சோதனையில் நிற்பவர்கள் இன்னொரு ரகம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் உருவான டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அரசு அமைப்பின் ஊழியர்கள். நீலச் சட்டை, தோளில் பட்டை, நெஞ்சில் பேட்ஜ் எல்லாம் இருந்தாலும் இவர்கள் போலீஸ் இல்லை, கைது அதிகாரமும் இல்லை. தேவைப்பட்டால் விமான நிலையப் போலீஸைக் கூப்பிடுவார்கள். ஆனால் பையை பெல்ட்டில் வைத்த பிறகு "எனக்கு விமானமே வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று திரும்பிவிட முடியாது. மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சோதனை தொடங்கிவிட்டால் முடித்தாக வேண்டும், நம் சம்மதம் ஒரு பொருட்டில்லை.

அத்தைக்குச் செயற்கை மூட்டு. எந்திரம் கத்தியது. கையால் தடவிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பெண் ஊழியர்தான் செய்ய வேண்டும் என்பது விதி. தனியறை வேண்டும் என்று கேட்கலாம், நமக்கு வேண்டியவர் ஒருவர் உள்ளே வரவும் கேட்கலாம். நான் கேட்பதற்குள் அத்தையே, "ரூம் எல்லாம் எதுக்கு, இங்கேயே பாருங்கம்மா" என்று கையை விரித்து நின்றுவிட்டார். அவர் விருப்பம்.

இவர்கள் தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும். அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2009-ல் நடந்த ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஓர் அரசியல் அமைப்பின் ஊழியர். மாநாட்டில் டிக்கெட், புத்தகம், சட்டை விற்று வந்த பணம் சுமார் 4,700 டாலர் ஒரு இரும்புப் பெட்டியில். உள்நாட்டில் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். 10,000 டாலருக்கு மேல் என்றால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நாட்டின் எல்லையைத் தாண்டும்போதுதான். ஆனாலும் தனியறைக்கு அழைத்துப் போனார்கள். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே வேலை பார்க்கிறாய் என்று அதட்டல். அவர் கோபப்படவில்லை, பொய்யும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "சட்டப்படி இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டுமா?" அறையில் இருந்த யாரும் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அவர் வழக்குப் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் டிஎஸ்ஏ தன் உள்விதியை மாற்றியது: விமானப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத குற்றங்களைத் தேடுவதற்காகச் சோதனை நடத்தக் கூடாது. ஒரு மனிதர் குரலை உயர்த்தாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததில் நாடு முழுக்க விதி மாறியது. அந்தப் பொறுமை எனக்கு இருக்குமா என்பது வேறு விஷயம்.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. அதே 2009-ல், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கல்லூரி மாணவர் அரபு மொழி கற்கும் சொல் அட்டைகளை வைத்திருந்தார். கைவிலங்கு, போலீஸ், எஃப்பிஐ என்று சில மணி நேரம் போய், விமானமும் போய்விட்டது. டிஎஸ்ஏ, எஃப்பிஐ ஊழியர்களை அவர் தனிப்பட்ட முறையில் வழக்கில் இழுக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. நகரப் போலீஸ் மட்டும் 2015-ல் 25,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. உரிமை மீறப்பட்டது என்று நமக்குத் தோன்றுவதற்கும் அதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் கிடைப்பதற்கும் நடுவில் நிறைய தூரம்.

டிஎஸ்ஏ ஊழியர்களில் சிலர் நம் முகத்தையும் நடத்தையையும் பார்த்து, பேச்சுக் கொடுத்து ஆழம் பார்ப்பார்கள். 2007-லிருந்து அதற்காகச் சுமார் 90 கோடி டாலர் செலவிட்டார்கள். நடத்தையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது பூவா தலையா போடுவதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை என்று 2013-ல் அரசின் தணிக்கை அமைப்பே எழுதியது. ஆகவே வியர்த்தால் பயப்பட வேண்டாம். குண்டு, வெடி என்று ஜோக் மட்டும் அடிக்க வேண்டாம்; அபராதமும் வரும், விமானமும் போகும்.

அடுத்து கேட். சோதனை முடிந்துவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் சாதாரண உடையில் வந்து, "பையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று நயமாகக் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தது. அது வேண்டுகோள். முடியாது என்று சொல்லலாம். 2024-ல் அப்படி மறுத்த ஒரு பயணி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். பையைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள், விமானம் போய்விட்டது, பையில் ஒன்றும் இல்லை. கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்கியவர்களின் பெயரை விமான நிறுவன ஊழியர் ஒருவரே தகவலாகக் கொடுத்து, பறிமுதல் பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் வெளிவந்தது. அந்த நவம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகம் இந்தச் சோதனைகளை நிறுத்திவைத்தது. எங்களிடம் யாரும் வரவில்லை. ஆனாலும் யாராவது வந்தால் கேட்க ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "நான் போகலாமா, இல்லை என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா?" போலீஸிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

இதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு லண்டனில் இறங்கினால் கதை மாறிவிடும். பிரிட்டனின் 2000-ம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தில் போலீஸ் யாரையும், சந்தேகம் எதுவும் இல்லாமலே, நிறுத்தி விசாரிக்கலாம். அதிகபட்சம் 6 மணி நேரம். 2014-க்கு முன் 9 மணி நேரமாக இருந்தது. இங்கே மௌனம் காப்பதே குற்றம்: 3 மாதம்வரை சிறை அல்லது அபராதம். போனின் கடவுச்சொல்லைத் தர மறுத்த ஒருவரை 2017-ல் லண்டன் நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் முறையாகத் தடுத்து வைக்க வேண்டும். அப்போது வழக்கறிஞரைக் கேட்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம்.

திரும்பும் வழியில் விமானத்திலிருந்து இறங்கும் நடைபாதையிலேயே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "இது ஏழாவது அட்டவணைப்படி விசாரணையா?" என்றேன். "இல்லை, சும்மா கேட்கிறேன்" என்று சிரித்தார். சொன்னேன், போனோம். அத்தைக்கு நான் வீண் வம்புக்குப் போகிறேன் என்று கோபம். எனக்கோ, தெரிந்துகொண்டு பதில் சொன்ன திருப்தி.

இந்தியச் சட்டத்திலும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 102-ம் பிரிவு. கஸ்டம்ஸ் அதிகாரி உடலைச் சோதிக்கப் போகிறார் என்றால், அருகிலுள்ள கெஜட்டட் சுங்க அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப்போகச் சொல்லலாம். அவர் காரணமில்லை என்று கருதினால் விட்டுவிட வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நடந்த இடத்திலேயே சண்டை போட்டு வென்றவர்களை நான் பார்த்ததில்லை. அங்கே செய்யக்கூடியது மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்வது, பேட்ஜில் இருக்கும் பெயரையோ எண்ணையோ குறித்துக்கொள்வது, நேரத்தையும் கேட் எண்ணையும் எழுதிவைப்பது. அமெரிக்கச் சோதனைச் சாவடியில், வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல், எக்ஸ்ரே திரையைக் காட்டாமல் வீடியோ எடுக்க டிஎஸ்ஏ தடை சொல்வதில்லை. குடிவரவுக் கூடத்தில் அதே போனை நீட்டினால் பிடுங்கிவிடுவார்கள். போர்டிங் பாஸில் எஸ்எஸ்எஸ்எஸ் என்ற நான்கு எழுத்து அடிக்கடி வந்து ஒவ்வொரு முறையும் தனியாக நிறுத்தப்படுகிறீர்கள் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிரிப்' என்ற பயணிகள் குறைதீர்ப்புத் திட்டத்தில் விண்ணப்பித்து ஒரு எண் வாங்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே அந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும். சோதனை வரிசையில் நின்றுகொண்டு காட்டிப் பயனில்லை.