ஆடுகிற மவுத்பீஸை வைத்துக்கொண்டு யூஃபோனியத்தைத் திட்டாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பேண்ட் அறையைத் திறந்து பாருங்கள். அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதற்குள் ஏழெட்டு மவுத்பீஸ், அதாவது பித்தளை ஊதுகருவியில் வாய் வைத்து ஊதும் உலோகத் துண்டு. எது டிராம்போனுக்கு, எது பாரிட்டோனுக்கு, எது யூஃபோனியத்துக்கு (சின்ன டியூபா மாதிரியான பித்தளை ஊதுகருவி) என்று யாருக்கும் தெரியாது. வாய்க்கு இதமாக இருப்பதை எடுத்துப் பிள்ளைகள் செருகிக்கொள்வார்கள். இரண்டு மாதம் போனால் "இந்த ஹார்ன் சுருதி சேராது" என்று அந்தக் கருவிக்கு ஒரு கெட்ட பெயர் நிலைத்துவிடும். பாதி நேரம் கருவிமேல் குற்றமே இருக்காது.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரும் நாதஸ்வரக்காரரைக் கவனித்திருப்பீர்கள். சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார், ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. கெண்டையில் சரியாக உட்காராத சீவாளியை அவர் வாய்க்கே கொண்டுபோகமாட்டார். அந்தக் கவனம்தான் இங்கேயும் வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. சீவாளி தானே அதிரும், மவுத்பீஸில் அதிர்வது உங்கள் உதடு. அதனால் விலை உயர்ந்ததை வாங்கினால் நாதம் தானாக வந்துவிடாது. ஆனால் பொருந்தாத மவுத்பீஸ் நல்ல உதட்டையும் கெடுத்துவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது கப்போ (கிண்ணம் போன்ற உட்குழிவு) ரிம்மோ (உதடு படும் விளிம்பு) இல்லை. ஷேங்க், அதாவது கருவிக்குள் நுழையும் தண்டு. யூஃபோனியத்துக்கு மூன்று அளவு ஷேங்க் உண்டு: சின்னது (சாதாரண டெனர் டிராம்போனுக்குப் போடுவது), நடுத்தரம் (ஐரோப்பிய ஷேங்க் என்றும் சொல்வார்கள்), பெரியது (பாஸ் டிராம்போன் அளவு). தண்டின் நுனியை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் சின்னது சுமார் 11 மி.மீ., நடுத்தரம் 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பெரியது சுமார் 12.5 மி.மீ. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று கேட்கலாம். தண்டு ஏறக்குறைய 20க்கு 1 என்ற சரிவில் கூம்பியிருக்கிறது. அப்படியென்றால் விட்டத்தில் அரை மி.மீ. வித்தியாசம் வந்தால், மவுத்பீஸ் 10 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும் அல்லது வெளியே நிற்கும். சரியாகப் பொருந்தியது சுமார் 20 முதல் 25 மி.மீ. உள்ளே உட்காரும். இதில் 10 மி.மீ. தவறினால் சுருதி நிற்குமா?

பெரிய ஷேங்க் மவுத்பீஸை நடுத்தர ரிசீவரில் (கருவியில் தண்டு நுழையும் வாய்) வைத்தால் பாதிதான் நுழையும். கருவி முழுவதும் இறங்கி ஒலிக்கும், டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாய்) முழுக்க உள்ளே தள்ளினாலும் போதாது. சின்ன ஷேங்கைப் பெரிய ரிசீவரில் போட்டால் தொபுக்கென்று உள்ளே விழும், ஆடும், காற்றுக் கசியும், ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே நிற்கிறது என்று உதட்டுக்கே பிடிபடாது. அந்த ஆட்டத்தை அடக்கக் குழாய் வேலைக்கான வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள். மெர்டேக்கா (சுதந்திர தின) ஊர்வலத்தன்று காலையில் வேறு வழியே இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள், மறுநாள் பிரித்துவிடுங்கள். சின்ன ஷேங்கைப் பெரிய ரிசீவருக்கு மாற்றும் உலோக உறையும் கடையில் கிடைக்கும். டேப்பைவிட அது தேவலாம், ஆனால் நுனி எங்கே வந்து நிற்கிறது என்ற கணக்கு மாறிவிடுவதால் நிரந்தரத் தீர்வு இல்லை.

உங்கள் கருவிக்கு எது? பள்ளிகளில் நிறைய இருக்கும் யமஹா ஒயிஇபி-321 சின்ன ஷேங்க். நான்கு வால்வும் மேலே வரிசையாக இருக்குமே, அதுதான். யமஹா 642, 842 போன்ற காம்பென்சேட்டிங் கருவிகள் (கீழ் ஸ்வரங்களின் சுருதியைத் திருத்தக் கூடுதல் குழாய் உள்ளவை) பெரிய ஷேங்க், பெஸ்ஸன் சாவரின் 967, 968 அப்படியே. சிக்கல் தருவது பழைய பெஸ்ஸன், பழைய பூஸி அண்ட் ஹாக்ஸ் கருவிகள்தான், அவற்றில் பல நடுத்தரம். தேவாலய பேண்டுகளில் இன்னும் இப்படிப் பழைய கருவி மினுமினுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெரிய ஷேங்க் வாங்கிப் போட்டுவிட்டு வருந்துபவர்கள் உண்டு. பாரிட்டோனுக்குச் சின்ன ஷேங்க்தான். யூஃபோனியத்தின் ஆழமான கப்பை அதில் வைத்தால் மேல் ஸ்வரங்கள் சோர்ந்துபோகும்.

சந்தேகம் இருந்தால் அளவுகோல் இல்லாமலும் சோதிக்கலாம். மவுத்பீஸை மெதுவாகச் செருகி, கால் திருப்பு மட்டும் திருப்பி நிறுத்துங்கள். ரிம்மை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் பொருத்தம் சரியில்லை. பிறகு ரிசீவர் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போனது என்று பாருங்கள். தண்டின் நுனி நசுங்கியிருந்தாலும் ஆட்டம் வரும். கீழே விழுந்த மவுத்பீஸ்களில் இது சாதாரணம். பழுதுபார்ப்பவர் கூம்பான இரும்பை உள்ளே விட்டு ஐந்து நிமிடத்தில் வட்டமாக்கிவிடுவார். நீங்களே குறடு எடுக்காதீர்கள்.

ஷேங்க் தீர்ந்த பிறகுதான் மவுத்பீஸில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும். இங்கேதான் தயாரிப்பாளர் ஆளாளுக்கு ஒரு கணக்கு. பாக், டெனிஸ் விக் இரண்டிலும் எண் குறையக் குறைய ரிம் அகலம். ஷில்கி, யமஹா இரண்டிலும் எண் ஏற ஏற அகலம். எழுத்து இன்னும் மோசம். பாக், டெனிஸ் விக் கணக்கில் 'ஏ' ஆழமான கப். ஷில்கியில் 'ஏ' ஆழமில்லாதது, 'டி', 'இ' என்று போகப்போகத்தான் ஆழம். அதனால் ஷில்கி 51டி ஆழமான, யூஃபோனியத்துக்குப் பிடித்த கப். பாக் 12சி ஒடுங்கிய, டிராம்போன் குணமுள்ள கப். டெனிஸ் விக் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் டிராம்போன்காரராக இருந்தவர், பாக்கும் ஷில்கியும் டிரம்பெட்காரர்கள். மூவரும் தனித்தனிப் பட்டறையில் தங்கள் வசதிக்கு எண் போட்டார்கள், நாம் அவதிப்படுகிறோம். டெனிஸ் விக்கில் கடைசி எழுத்தைத் தவறவிடாதீர்கள்: எல் பெரிய ஷேங்க், எம் நடுத்தரம், எஸ் சின்னது. 6பிஎஸ், 6பிஎல் இரண்டும் வாய்க்கு ஒன்றுதான், கருவிக்கு வேறு.

கப்பின் உள்விட்டம் பாக் அட்டவணைப்படி 12சி 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4, 5ஜி 25.5, 4ஜி 26. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு நேராக ஒப்பிட வேண்டாம். விட்டத்தை எந்த ஆழத்தில் அளக்கிறார்கள் என்பதே ஆளுக்கு ஆள் மாறும்.

அகலமான ரிம் உதட்டுக்கு அதிக இடம் தரும். கீழ் ஸ்வரங்கள் சதைப்பற்றோடு வரும், ஆனால் வாய்த் தசைக்கு வேலை கூடும். ஆழமான கப் நாதத்தை இருட்டாக்கும், யூஃபோனியத்துக்கு வேண்டிய அந்த உருண்ட குரல் அங்கேதான் இருக்கிறது. கப்பின் கொள்ளளவு மிஞ்சிப்போனால் மேல் ஸ்வரங்கள் இறங்கும், போதாவிட்டால் மேலே ஏறி நிற்கும். காரணம், குழாயோடு கொஞ்சம் நீளம் சேர்த்ததுபோல மவுத்பீஸ் நடந்துகொள்கிறது, அந்தச் சேர்ப்பு உயர்ந்த ஸ்வரங்களில் அதிகமாகிறது. தொண்டை, அதாவது கப்பின் அடியில் உள்ள துளை, 6 முதல் 7.5 மி.மீ. வரை மாறும். பெரிய தொண்டை காற்றைத் தின்னும். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு "நீளமாக ஊது" என்று அதட்டுவதில் பயனில்லை.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குச் சின்ன ஷேங்க் கருவியில் பாக் 6½ஏஎல் அல்லது யமஹா 48 போதும், காம்பென்சேட்டிங் கருவியானால் டெனிஸ் விக் 6பிஎல். 12சி வேண்டாம் என்பேன். அது தவறான மவுத்பீஸ் இல்லை, ஆனால் அதில் பழகிய காது டிராம்போன் சத்தத்தையே யூஃபோனியம் என்று நினைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வருடம் ஊதி, மேல் பி-ஃபிளாட் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்த பிறகு 5ஜி, 51டி வகைக்குப் போகலாம். டெனிஸ் விக் 4ஏஎல், யூஃபோனியக் கலைஞர் ஸ்டீவன் மீட் பெயரில் வரும் எஸ்எம்4 இரண்டும் பிரிட்டிஷ் பிராஸ் பேண்ட் நாதத்துக்குப் பெயர்போனவை. அதற்குமேல் 3ஏஎல் பலமான ஆளுக்கு. பெரியதை ஊதினால்தான் பெரிய ஆள் என்ற எண்ணம் பேண்ட் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. ஒரு மணி நேர அணிவகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அது தெளிந்துவிடும்.

ஒப்பிடும்போது ஒழுங்காக ஒப்பிடுங்கள். உங்கள் சொந்தக் கருவியை எடுத்துப்போங்கள். பத்து நிமிடம் பழைய மவுத்பீஸில் ஊதிக் குழாயைச் சூடாக்குங்கள். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்றுத்தம்பத்தின் சுருதி சுமார் 3 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். ஈப்போவில் குளிரூட்டிய கடையில் சேர்ந்தது நம் தகரக்கூரைப் பயிற்சி அறையில் சேராமல் போவதற்கு மவுத்பீஸ் பொறுப்பாகாது. ஒவ்வொரு மவுத்பீஸுக்கும் முதலில் நடு பி-ஃபிளாட்டை டியூனிங் ஸ்லைடால் சேர்த்துக்கொண்டு, அதற்குமேல் டி, எஃப், மேல் பி-ஃபிளாட், பிறகு கீழ் எஃப் என்று போங்கள் (எல்லாம் கான்சர்ட் சுருதியில், அதாவது பியானோவில் ஒலிக்கும் ஸ்வரப் பெயரில்). டி இயல்பாகவே இறங்கி நிற்கும், எஃப் பல யூஃபோனியத்தில் ஏறி நிற்கும். எந்த மவுத்பீஸ் இந்த இரண்டுக்கும் இடையே இடைவெளியைக் குறைக்கிறது என்பதே கேள்வி. டியூனரை நீங்கள் பார்க்காதீர்கள். பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும், உண்மை தெரியாது. கண்ணை மூடி ஊதுங்கள், தம்பியோ நண்பரோ முள்ளைப் பார்த்துத் தாளில் குறிக்கட்டும், ஸ்வரத்துக்கு மூன்று தடவை. பிறகு மிக மெல்லிய சத்தத்தில் ஸ்வரத்தைத் தொடங்கிப் பாருங்கள். தாமதமாகவோ காற்றுச் சத்தத்தோடோ வந்தால் அந்தக் கப் இப்போதைக்கு உங்களுக்குப் பெரிது. கடைசியாக ஒருவரைப் பத்து மீட்டர் தள்ளி நிற்கவைத்து மெதுவான பாட்டு ஒன்றை ஊதுங்கள். வாசிப்பவர் காதுக்கும் கேட்பவர் காதுக்கும் ஒரே சத்தம் போய்ச் சேருவதில்லை.

முதல் நாள் எல்லாப் புது மவுத்பீஸும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் எல்லாம் மோசமாகத் தோன்றும். இரண்டு வாரம் அதை மட்டும் ஊதிய பிறகு முடிவு செய்யுங்கள், இடையில் பழையதற்குத் திரும்பாமல்.

ஷாப்பியிலும் லசாடாவிலும் பெயரில்லாத '12சி', '6½ஏஎல்' மலிவாகக் கிடைக்கும். பொறித்த எண் வெறும் அலங்காரமாக இருக்கலாம், அளந்து பார்த்தால் ரிம் ஒன்று, தொண்டை வேறு. பழையது வாங்கும்போது ரிம்மை உதட்டால் மட்டும் பார்க்காமல் நகத்தால் சுற்றித் தடவுங்கள், பள்ளம் இருந்தால் நகம் சொல்லும். வெள்ளி முலாம் உரிந்து பித்தளை தெரிந்தால் வேண்டாம், சிலருக்கு உதடு அரிக்கும். நம் ஈரக் காற்றில் வெள்ளி கறுப்பது பிரச்சினையே இல்லை, துணியால் துடைத்தால் போகும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மவுத்பீஸ் பிரஷ். அவ்வளவுதான்.

சிக்கிக்கொண்டால் இழுக்கும் கருவி இருக்கிறது, மவுத்பீஸ் புல்லர் என்பார்கள். பேண்டுக்கு ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினால் மவுத்பீஸ் வராது, லீட்பைப்பின் (மவுத்பீஸ் நுழையும் முதல் குழாய்) பற்றுதான் விட்டுப்போகும்.

அந்தப் பிஸ்கட் டின்னை ஒரு சனிக்கிழமை கவிழ்த்து, காலிப்பரோடு உட்காருங்கள். சின்ன ஷேங்குக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு வெள்ளை, பெரியதுக்கு நீலம் என்று நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். அதே நிறத்தைக் கருவிப் பெட்டியிலும் வையுங்கள். புள்ளி கப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். தண்டில் வைத்தால் அந்தப் பூச்சின் கனமே பொருத்தத்தைக் கெடுத்துவிடும்.