சர்க்கரையால் கால் எடுத்தவருக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்குவது

மருத்துவக் குழுவின் முன்னால் உட்கார்ந்ததும் பலர் எடுத்து நீட்டுவது சுகர் ரிப்போர்ட்டைத்தான். அங்கே அதற்கு வேலையே இல்லை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்று யாரும் அளக்கப்போவதில்லை. கை கால் எவ்வளவு இயங்காமல் போயிற்று என்பதற்குத்தான் சதவீதம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் உண்டு, ஹீமோஃபீலியா உண்டு. சர்க்கரை நோயும் டயாலிசிஸும் கிடையாது. அதனால் விண்ணப்பத்தில் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கால் கட்டைவிரல் மட்டும் போயிருந்தால் 10%, ஒரு பாதத்தின் எல்லா விரல்களும் என்றால் 20%, முன்பாதம் வரை 30%, நடுப்பாதம் வரை 40%. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால் 60% அல்லது அதற்கு மேல் வரும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40% வேண்டும். இரண்டு விரல் இழந்தவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வார்டை விட்டுக் கிளம்புமுன்பே வாசித்துவிடுங்கள். 'டயாபடிக் ஃபுட் (சர்க்கரையால் வரும் பாதப் பாதிப்பு), அறுவை சிகிச்சை செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கால், எந்த மட்டத்தில், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பது அதில் வர வேண்டும். பிறகு ஓபி-யில் போய்த் திருத்தி வாங்குவது பெரும்பாடு. அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயையும் கையில் வைத்திருங்கள். புண் ஆறாமல் கட்டோடு போனால், மறுபடி வெட்ட வேண்டி வருமோ என்று குழு தயங்கும். காலக்கெடு போட்ட தற்காலிகச் சான்றோடு திரும்ப வேண்டியிருக்கும். பக்கவாதம் வந்தவருக்கோ, வந்து ஆறு மாதம் கழித்துத்தான் வழக்கமாக மதிப்பீடு.

விண்ணப்பம் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசு இணையதளத்தில். இ-சேவை மையத்தில் பதிகிறவர் தன் கைப்பேசி எண்ணையே போட்டுவிடுவதுண்டு. ஓடிபியும் தகவலும் அவருக்கே போகும், விடாதீர்கள். இனிஷியல் இன்னொரு தலைவலி. ஆதாரில் பின்னால், ஆஸ்பத்திரிச் சீட்டில் முன்னால், ரேஷன் அட்டையில் இல்லவே இல்லை என்று இருக்கும். ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றிலும் பதியச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கைரேகை செல்லும்.

சதவீதம் குறைவாகப் போட்டிருப்பதாகத் தோன்றினால், முடிவு வந்த 90 நாளுக்குள் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். சம்மரி, எக்ஸ்ரே நகல்களோடு குழு கொடுத்த சான்றின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.