அழியாத 15

சிங்கப்பூரின் யூபி வட்டாரத்தில் ஒரு கிடங்கு. சனிக்கிழமை இரவு பத்து மணி. வேலை சின்னதுதான்: கேமரா, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே வலையில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் இரண்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன, அவற்றோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடைசி ரயிலையே பிடித்துவிடலாம் என்று கூட வந்த தம்பியிடம் சொல்லிவைத்திருந்தேன். புதுக்கோட்டைக்காரன், நான் சொன்னதை நம்பிச் சாப்பிடாமல் வந்துவிட்டான்.

மூன்றும் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9300. பல பெட்டிகளை ஒன்றாகக் கோத்து ஒரே ஸ்விட்சாக ஓட்டலாம், அதற்குப் பெயர் ஸ்டாக். முதுகுப்புறம் தடிமனான ஸ்டாக் கேபிள்களை வளையமாகக் கோக்க வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் கேபிளைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டாலும் ஓடும், பாதி வேகத்தில். நடுவில் ஒரு கேபிள் கழன்றால்தான் வினை. இப்படி எட்டுப் பெட்டிகள் வரை கோக்கலாம். கோத்தபின் ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிகரேஷன், அதாவது எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புக் கோப்பு. போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, அதன் பெயரின் முதல் எண்தான் எந்தப் பெட்டி என்று காட்டும்: 1/0/24, 2/0/24.

பெட்டிகளில் ஒன்று ஆக்டிவ், அதுதான் தலைவர்; ஒன்று ஸ்டேண்ட்பை, தலைவர் விழுந்தால் பொறுப்பேற்பது; மற்றவை மெம்பர். யார் ஆக்டிவ் என்பதை 1 முதல் 15 வரையான பிரையாரிட்டி எண் முடிவு செய்கிறது. பெரிய எண் வெல்லும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் 1தான். எல்லாவற்றிலும் சமமாக வந்தால் சிறிய மேக் முகவரி, அதாவது தொழிற்சாலையிலேயே பெட்டிக்குக் கொடுக்கும் எண், ஜெயிக்கும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே பழைய பெட்டியாக இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளும் இப்படித்தான் முடியும்.

அங்கிருந்த இரண்டுக்கும் யாரும் பிரையாரிட்டி கொடுத்திருக்கவில்லை. நான் கொண்டுபோன மூன்றாவது, அதே வாடிக்கையாளரின் வேறொரு கிளையில் ஓடிய பழையது. கான்ஃபிகரேஷனைச் சுத்தமாக அழித்துத்தான் எடுத்துப் போனேன். ஸ்விட்ச் எண்ணும் பிரையாரிட்டியும் அந்தக் கோப்பில் இருப்பதில்லை, அழித்தாலும் போகாது என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். அன்று இரவு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தப்பும் செய்தேன். விளக்கு எரிகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுத்துவிட்டு, அணைக்காமலேயே கேபிளைச் செருகினேன். இரண்டு ஆக்டிவ்கள் நேருக்கு நேர் சந்தித்தன. பழைய வீட்டில் தலைவராக இருந்தபோது கொடுத்த 15 அதன் வயிற்றுக்குள் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லாத அந்தப் பெட்டி தேர்தலில் வென்றது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டும் தோற்று, தாமே ரீஸ்டார்ட் ஆகி, புதுத் தலைவரின் வெற்றுக் கான்ஃபிகரேஷனை ஏற்றுக்கொண்டன.

“அண்ணே, கேமரா எல்லாம் போய்விட்டது” என்றான் தம்பி. மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் வயிற்றைக் கலக்கியது.

வியாழக்கிழமை எடுத்த பேக்கப் மடிக்கணினியில் இருந்தது. ஸ்விட்சோடு நேராகப் பேசும் கன்சோல் கேபிளைச் செருகி, அந்தப் பேக்கப்பை உள்ளே ஒட்டினேன். ஆனாலும் தொலைபேசிகள் எழவில்லை. ஸ்விட்ச் எண்ணில் வந்தவனும் 1, அங்கிருந்தவனும் 1 என்று மோதியதில், முன்பு 1ஆக இருந்த பெட்டி 3ஆக மாறியிருந்தது. எந்தப் போர்ட் எந்தத் தனி வலையில் என்று பிரிக்கும் வீலான்கள், முதல் பெட்டிக்கானவை எல்லாம் புதியவன் தலையில் இறங்கியிருந்தன.

மூன்றையும் அணைத்து, புதியவனைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பழைய முதல் பெட்டிக்கு மீண்டும் எண் 1, பிரையாரிட்டி 15, இரண்டாவதற்கு 14. ரீலோட் செய்து, பேக்கப்பை மறுபடி ஒட்டியதும் கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. பிறகு புதியவனைத் தனியாக ஓடவிட்டு, எண் 3, பிரையாரிட்டி 1 என்று மாற்றி, அணைத்து, வளையத்தில் கோத்து, அதற்குப் பிறகே மின்சாரம் கொடுத்தேன். சமர்த்தாக மெம்பராக வந்து உட்கார்ந்தது.

மணி மூன்று நாற்பது. இருபத்து நான்கு மணி நேரக் கடையில் தம்பிக்கு முட்டைப் பரோட்டா இரண்டு, எனக்கு தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். கிளம்பும் முன் அவன் மூன்றாவது பெட்டியின் மேல் டேப் ஒட்டி, “அணைத்துவிட்டுச் செருகவும்” என்று தமிழில் எழுதியிருந்தான். திங்கட்கிழமை கிடங்கு மேலாளர் அதைப் படமெடுத்து அனுப்பி, இது என்ன பிரார்த்தனையா என்று கேட்டார். ஆமாம் என்று பதில் போட்டேன்.