மாத்திரை நிறம் மாறினால்

மாத்திரையின் நிறம் மாறிவிட்டால் அந்த வாரம் முழுக்க எங்கள் கவுண்டரில் வரிசை நகராது. மலேசியாவில், பினாங்கில் ஓர் அரசு சுகாதாரக் கிளினிக்கில் மருந்தாளராக இருக்கிறேன். அரசாங்கம் டெண்டர் விட்டுத்தான் மருந்து வாங்குகிறது, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்து வேறு கம்பெனியின் மாத்திரை வரும், உள்ளே இருக்கும் மருந்து அதேதான், மில்லிகிராமும் அதேதான், ஆனால் போன மாதம் வரை இளஞ்சிவப்பில் வட்டமாக இருந்தது இந்த மாதம் வெள்ளையாக நீளமாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் திரும்பி வருவார்கள். "மிஸ்ஸி, இது என் மருந்து இல்ல. சாப்பிட்டா தலை சுத்துது."

இதை வெறும் பயம் என்று தள்ளிவிடும் பழக்கம் எங்கள் துறையில் நிறையவே உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. தலை சுற்றுகிறது என்று சொல்கிறவருக்கு நிஜமாகவே சுற்றுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நியூசிலாந்தில் இது ஒரு நாடே பேசும் விஷயமாகிப்போனது. அங்கே தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கும் எல்ட்ராக்சின் மாத்திரையை 2007-ல் மாற்றினார்கள். உள்ளே இருக்கும் மருந்தான தைராக்சின் அதேதான், அதோடு சேர்க்கும் மாவுப் பொருள்களும் நிறமும்தான் மாறின. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் அந்த மருந்தின் பக்கவிளைவு பற்றி வந்த புகார்கள் 14. மாற்றத்துக்குப் பிந்தைய 18 மாதங்களில் 1,400-க்கும் மேல். செய்திகளில் எந்தெந்த உபாதை பேசப்பட்டதோ அவையே புகார்களிலும் பெருகின. ஒரு நாட்டின் தைராய்டு நோயாளிகள் எல்லாரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று யார் சொல்ல முடியும்? புது மாத்திரை கெடுதல் செய்யும் என்ற எதிர்பார்ப்பு உடம்புக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நல்லது நடக்கும் என்று நம்பி வெறும் மாவு மாத்திரையில் குணம் தெரிந்தால் அதைப் பிளாசிபோ என்கிறோம், கெட்டது நடக்கும் என்று பயந்து உபாதை வந்தால் நோசிபோ.

எங்கள் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டி டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு போகலாம். அதுவே சிலருக்கு ஒரு சந்தேகம். "ஒரு வெள்ளி மருந்து அப்படித்தான் இருக்கும், பிரைவேட்டுல வாங்குனாத்தான் கேக்கும்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பிரிட்டனில் 1981-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை போடும் 835 பெண்களுக்கு ஆஸ்பிரினோ வெறும் மாத்திரையோ கொடுத்தார்கள், சிலருக்குப் பிரபலமான பெயர் போட்ட பெட்டியில், சிலருக்குப் பெயரில்லாத பெட்டியில். பெயர் போட்ட பெட்டியில் வந்தது கூடுதலாகக் கேட்டது, உள்ளே வெறும் மாத்திரை இருந்தபோதும்கூட. ஆகவே பிரைவேட்டில் வாங்கினால் கேட்கிறது என்று சொல்கிறவர் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். அவரோடு சண்டை போட்டு ஒரு பயனும் இல்லை.

எனக்கு இதெல்லாம் படிப்பாக இருந்தது போய் வேலையாக மாறியது ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை விஷயத்தில்தான். பட்டர்வொர்த் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் பிளாஸ்டிக் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். அட்டை அட்டையாக அடோர்வாஸ்டாட்டின், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியபடி, ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டைகள். மாதாமாதம் ஒழுங்காக வந்து வாங்கிக்கொண்டு போய் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார். முதல் அட்டையில் மட்டும் சில குழிகள் காலி. "இது கால் நரம்ப இழுக்கும், கிட்னியும் போயிடும்னு வாட்ஸாப்புல வந்துச்சும்மா. சாப்பிட்ட ரெண்டாம் நாளே தொடை ரெண்டும் வலி. வீணாக்க மனசு வரல, அதான் திருப்பிக் கொடுத்துடலாம்னு." மாரடைப்பு வந்து ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அவர். அந்த மாத்திரை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவரைப் போன்றவர்களை வைத்தே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சாம்சன் என்ற பெயரில் ஓர் ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை, அதாவது அடோர்வாஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையை, நிறுத்திவிட்ட 60 பேர். ஓர் ஆண்டுக்கு ஆளுக்கு 12 புட்டி, மாதம் ஒன்று: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெறும் மாத்திரை, நான்கு காலி. மாத்திரை இருக்கும் மாதங்களில் அது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உபாதையைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகப் பதிய வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8, வெறும் மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. அதாவது ஸ்டாட்டின் போட்டால் வந்த உபாதையில் 90 விழுக்காடு வெறும் மாத்திரை போட்டபோதும் வந்தது. அவரவர் கணக்கை அவரவரிடமே காட்டிய பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டார், "அப்போ என் கால் வலி பொய்யிங்கிறீங்களா?"

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "எல்லாம் உங்க மனசுலதான்" என்று சொன்ன மறு நிமிடம் அந்த நோயாளியை இழந்துவிடுவோம், அவர் காதில் அது பொய்யன் என்றுதான் விழும். உண்மையில் அந்தப் பேச்சு அறிவியல்படியும் தப்பு. 1978-ல் கலிபோர்னியாவில் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள்: போலி மருந்தில் வலி குறைந்தவர்களுக்கு நலோக்ஸோன் கொடுத்ததும் வலி மறுபடி ஏறியது. நலோக்ஸோன் மார்ஃபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. அப்படியானால் நம்பிக்கை அவர்கள் உடம்பிலேயே மார்ஃபின் மாதிரி ஒன்றைச் சுரக்க வைத்திருக்கிறது. இத்தாலியில் துரின் நகரத்து ஆய்வாளர் பெனடெட்டி 1997-ல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: வலி கூடும் என்ற பயத்தால் ஏறும் வலியை, உடம்பில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ரசாயனத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்து நிறுத்த முடிந்தது. பயத்துக்கும் ரசாயனம் இருக்கிறது.

"வலி நிஜம்தான் ஐயா, அது மாத்திரைல இருந்து வருதா, அந்தச் செய்தியக் கேட்டு உடம்பு உஷாராகி வருதான்னுதான் பார்க்கணும், ரெண்டுமே உடம்புக்குள்ளதான் நடக்குது" என்றேன். டாக்டரிடம் பேசி, தசை பாதிப்பு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்ததால் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார். இன்றும் சில நாள் கால் வலிக்கிறது என்கிறார். தைலம் தேய்த்துக்கொள்கிறார், மாத்திரையை விடவில்லை.

சரி, பக்கவிளைவைச் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றால் அது என்னால் முடியாது. தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சொல்கிற விதம் நம் கையில் இருக்கிறதே. பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போடுமுன் தோலை மரத்துப்போக வைக்கும் சிறு ஊசி ஒன்று போடுவார்கள். அமெரிக்காவில் 140 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு "பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசம்" என்றும், மறு பாதிக்கு "அந்த இடம் மரத்துவிடும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றும் சொல்லிப் பார்த்தார்கள், 2010-ல் வெளிவந்தது. ஊசி ஒன்றே. தேனீ என்று கேட்டவர்களுக்கு வலி கூடுதல். "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், அந்த அன்பே வலியைக் கூட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது ஸ்டாட்டின் கொடுக்கும்போது இதைத்தான் சொல்கிறேன்: பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வயதானால் கால் வலி மாத்திரை இல்லாமலும் வரும், ஆனால் தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பி, நிறத்தில் போனால் அன்றைக்கே வந்துவிடுங்கள். ஆபத்தை மறைக்கவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்கிறேன். வரிசை நீளமாக இருக்கும் காலைகளில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை, அது பெரிய குறைதான்.

நம்பிக்கை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று யாராவது கிளம்பினால் அவர்களிடம் ஆஸ்துமா ஆய்வைப் பற்றிச் சொல்வேன். 2011-ல் பாஸ்டனில் செய்தது. மூச்சுக்குழாயைத் திறக்கும் சல்பியூட்டமால் மருந்தை இழுத்தவர்களுக்கு மூச்சின் அளவு 20 விழுக்காடு கூடியது, போலி இன்ஹேலருக்கும் எதுவுமே கொடுக்காததற்கும் கிட்டத்தட்ட ஒரே 7 விழுக்காடு. ஆனால் எவ்வளவு தேவலை என்று கேட்டபோது மருந்து இழுத்தவர்களும் போலியை இழுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு சொன்னார்கள். நிம்மதி வந்துவிட்டது, மூச்சுக்குழாய் திறக்கவில்லை. புகைமூட்டக் காலத்தில் "இப்ப பரவால்ல மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சு இழுக்க உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்கள்தான் ஞாபகம் வரும். அங்கே பேச்சு போதாது, மருந்து போக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அப்பா அம்மாவின் மாத்திரை அடுத்த முறை நிறம் மாறி வந்தால், அவர்கள் பிரித்துப் பார்த்துப் பயப்படுமுன் நீங்கள் பாருங்கள். பொட்டலத்தின் லேபிளில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும், பழையதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். பொருந்தவில்லை என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வாருங்கள், அதுவரை தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.