குணமானவரை எந்தச் சபைக்கு அனுப்புவது?

நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் எங்கள் மருத்துவமனை ஊழியக் குழுவில் லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, சகோதர சபையார் எல்லாரும் உண்டு. மூச்சுத் திணறுகிறவர் கேட்பது ஒரு ஜெபம். வந்திருப்பவர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவரா, முழுகிப் பெற்றவரா என்று எந்த நோயாளியும் விசாரித்ததில்லை.

அவர் குணமாகி வீட்டுக்குப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இனி அவரை எந்தச் சபைக்கு அனுப்புவது? இதற்கு ஒரு குழு என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்தே அதன் ‘சபை பேதமற்ற ஊழியம்’ மெய்தானா என்று எடைபோடுகிறேன். அந்தப் பெயரில் தொடங்கும் பல ஊழியங்கள் முதலில் உபவாச ஜெபம் வைக்கின்றன. பிறகு ஞாயிறு ஆராதனை, பிறகு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம். கடைசியில், பிறர் மந்தையிலிருந்து ஆடுகளைச் சேர்த்துக்கொண்ட இன்னொரு சபைதான் மிஞ்சுகிறது. இதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

துறவிக் கோலத்தில் ஊர் ஊராகச் சென்று கிறிஸ்துவைப் பிரசங்கித்த சாது சுந்தர் சிங் 1905-இல் சிம்லாவில் ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். லாகூரில் இறையியல் படித்தார். பிரசங்கிக்க உரிமமும் பெற்றார். பிற சபைகளில் பேச அது தடையாகும் என்று அறிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பல நாடுகளில் அவருக்காகத் திரளான கூட்டம் கூடியும், தமக்கென்று அவர் ஒரு சபையை நிறுவவில்லை. உரிமத்தைத் துறந்ததைவிட இது பெரிய துறவு என்பேன்.

1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய திருச்சபைகளின் மாநாடு ஒரு கேள்வியை முன்வைத்தது: ஆழ்ந்த கொள்கை வேறுபாடு நம்மைப் பிரிந்து செயல்படக் கட்டாயப்படுத்தும் காரியங்களைத் தவிர, மற்ற அனைத்தையும் சேர்ந்தே செய்யலாகாதா? எங்கள் குழு நடப்பது ஏறக்குறைய இந்த வழியில்தான். நோயாளியைப் பார்ப்பது, வேதம் வாசிப்பது, அடக்க ஆராதனைக்கு உதவுவது எல்லாம் சேர்ந்தே. திருவிருந்து மட்டும் தனித்தனியே. ஒரே அப்பத்தில் பங்கெடுக்க முடியாதது எங்கள் எல்லாருக்கும் வேதனைதான். அதற்காக அந்த வேறுபாடு இல்லாததுபோல நடிக்க மாட்டோம்.

நோயாளி கத்தோலிக்கர் என்றால், எங்கள் பெந்தெகொஸ்தே சகோதரரே அவருடைய பங்குக் குருவானவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். சபையே இல்லாதவர் என்றால் வீட்டருகே உள்ள சபைகளைச் சொல்கிறோம், தெரிவு அவருடையது.

குழுவில் சேர வருகிறவர்களிடம் ஞாயிறன்று எங்கே ஆராதிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். எங்கும் போவதில்லை என்பவரை, ஒரு சபையில் நிலைத்த பிறகு வரச் சொல்லிவிடுகிறேன்.