அடிக்குறிப்பில் ஒளிந்திருந்த மைக்ரோவிநாடி

நான் முதன்முதலாக வடிவமைத்த வாகனக் கட்டுப்பாட்டுப் பலகை, சோதனை மேசையில் முதல் மின்துடிப்பிலேயே செத்துப்போனது. ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். பின்னாலேயே கருகல் வாடை. எல்லை மீறும் மின்னழுத்தத்தைத் தன் வழியே வடித்துவிட நுழைவாயிலில் காவலுக்கு நிறுத்தியிருந்த டையோடு நடுவில் பிளந்து, உள்ளே ஷார்ட்டாகி, ஃபியூஸையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தது.

12 வோல்ட் வண்டியில் 100 வோல்ட் எங்கிருந்து வரும்? இறங்கிப்போன பேட்டரிக்கு, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழுமூச்சில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை கழன்றுவிட்டால், அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் அதன் ரெகுலேட்டர் சுதாரித்துக்கொண்டாலும், ஆல்டர்னேட்டரின் புலச்சுருளில் தேங்கிய காந்தம் நினைத்த மாத்திரத்தில் அடங்காது. அது தணியும்வரை மின்னழுத்தம் எகிறி நிற்கும். தொழிலில் இதற்கு ‘லோட் டம்ப்’ என்று பெயர். வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 என்ற சர்வதேசத் தரநிலை, இந்த எகிறலை அடக்கும் தடுப்பில்லாத ஆல்டர்னேட்டருக்கு 79 முதல் 101 வோல்ட் வரை உச்சமும், 40 முதல் 400 மில்லிவிநாடி வரை நீளமும் சொல்கிறது.

நான் உச்சத்தை மட்டும் பார்த்தேன். எங்கள் சோதனைக்கு 87 வோல்ட், உள்தடை 2 ஓம், நீளம் 400 மில்லிவிநாடி. டையோடு 35 வோல்ட்டில் பிடித்து நிறுத்தினால், மிச்சமுள்ள 52 வோல்ட் அந்த 2 ஓம் வழியே 26 ஆம்பியரைப் பாய்ச்சும். அதை 35-ஆல் பெருக்கினால் 910 வாட். நான் போட்டிருந்தது 1500 வாட் டையோடு. தாராளம் என்று தோன்றியது.

மூத்த பொறியாளர் கருகிய பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்த 1500 வாட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?”

டையோடின் விவரத்தாளின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் பதில் இருந்தது. 10 மைக்ரோவிநாடியில் ஏறி, 1000 மைக்ரோவிநாடியில் பாதியாகிவிடும் துடிப்புக்குத்தான் அந்த 1500. ஆற்றலாகப் பார்த்தால் சுமார் 2 ஜூல். என் துடிப்பு அதற்குள் இறக்கியதோ ஏறத்தாழ 80 ஜூல். அன்று இரவு தாளில் வளைகோடு வரைந்து, பரப்பைக் கணக்கிட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

பெரிய டையோடு போட்டால் தீர்ந்தது என்று நினைத்தால், அங்கே இன்னொரு முடிச்சு. பேட்டரி செத்த காருக்கு லாரியின் 24 வோல்ட்டைக் கொடுத்துக் கிளப்புகிறவர்கள் உண்டு. அதற்கென்றே 24 வோல்ட்டில் 60 விநாடி நிற்கும் சோதனையும் உண்டு. அப்போது டையோடு விழித்துக்கொண்டால் வறுபட்டுவிடும். 24-இல் தூங்க வேண்டும், பலகைக்குள்ளேயிருக்கும் ரெகுலேட்டரின் 40 வோல்ட் எல்லைக்கு முன் விழிக்க வேண்டும். இந்த இடுக்குக்குள் பொருந்தும் டையோடைத் தேடிப் பிடிப்பதிலேயே என் வேலையில் பாதி கழிந்தது.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, அடியில் செம்புத் தகட்டுடன் ஒன்று அகப்பட்டது. கொள்முதல் பிரிவு சண்டைக்கு வந்தது. “இப்போது ஆல்டர்னேட்டருக்குள்ளேயே தடுப்பு இருக்கிறதே, 35 வோல்ட்டைத் தாண்டாதே?” நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பலகை எந்த வண்டியில் ஏறும் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

மறுபடி சோதனை. நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துடிப்புகள். ஏழாவதுக்குப் பிறகு செம்புத் தகட்டின் அருகே விரலைக் கொண்டுபோனேன், வெதுவெதுப்பு தெரிந்தது. பத்தாவதும் போனது. பலகையின் பச்சை விளக்கு சிமிட்டக்கூட இல்லை.