பேரரசர் தியோஃபானு: கொலோன் நாட்குறிப்பு

மே 28

வேலை முடிந்து வரும் வழியில் புனித பான்டலியோன் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கதீட்ரலைப் பார்க்க ஓடுகிறார்கள். இங்கே இன்று என்னையும் சேர்த்து மூன்றே பேர். வெள்ளைப் பளிங்குப் பேழை புதியது, 1960களில் செய்தது. அதற்குரியவரோ 991 ஜூன் 15 அன்று இறந்தவர். கான்ஸ்டான்டினோபிளில் பிறந்து, ஜெர்மனியும் இத்தாலியும் அடங்கிய பேரரசைச் சிறுவனான மகனின் பெயரில் சுமார் ஏழு ஆண்டுகள் ஆண்ட தியோஃபானு.

இவருடைய நினைவு நாளுக்குள் தமிழில் ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. இவர் வகித்த பொறுப்புக்கு அகராதி தருவது 'பகர ஆளுநர்'. என் அம்மாவிடம் சொன்னால் யாரோ மாநில ஆளுநர் என்று நினைப்பார். இப்போதைக்கு 'மகனுக்காக ஆண்டவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மே 31

திருமண ஆவணத்தின் படத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலம் வோல்ஃபன்பியூட்டல் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளத் தோல், ஊதாச் சாயம், பொன் எழுத்து. எழுத்துக்குப் பின்னால் வட்டம் வட்டமாகச் சிங்கங்களும் இறக்கை முளைத்த விலங்குகளும் இரையை வீழ்த்துகின்றன. விரித்த பட்டுத்துணி என்றே கண் நம்புகிறது.

972 ஏப்ரல் 14, ரோம், புனித பேதுரு பேராலயம். மணமகன் இரண்டாம் ஓட்டோ, ஜெர்மனியையும் இத்தாலியையும் ஆண்ட பேரரசர் முதலாம் ஓட்டோவின் மகன். மணமகளுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தவை: இஸ்திரியா, பெஸ்காரா, வால்ஹெரன், போப்பார்ட், நார்ட்ஹவுசன், இன்னும் சில; நிவெல் மடத்தோடு சேர்த்து 14,000 பண்ணை நிலங்கள். பெண் வீட்டார் தந்த சீர் அல்ல இது. நம் பழைய சொல்லான பரிசத்துக்குத்தான் நெருங்கி வருகிறது.

இத்தனை பொன்னுக்கும் பின்னால் ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஓட்டோவின் அரண்மனை எதிர்பார்த்தது ஆளும் பேரரசருக்குப் பிறந்த இளவரசியை. வந்தவரோ கான்ஸ்டான்டினோபிள் பேரரசர் யோவானின் உறவுப் பெண். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். மணமகனின் தந்தை மூத்த ஓட்டோ கேட்கவில்லை. அந்தப் பேச்சு அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? ஆவணமோ அவரைப் 'பேரரசில் பங்கு' உள்ளவர் என்கிறது.

ஜூன் 5

கூட்டாளி ஒருவருக்காக இரவுப் பணி பார்த்தேன். இடைவேளைகளில் 984ஆம் ஆண்டைப் படித்தேன். இரண்டு முறை புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

983 டிசம்பர் 7 அன்று இரண்டாம் ஓட்டோ ரோமில் இறந்தார், வயது 28. அந்தச் செய்தி மலைகளைக் கடந்து போய்ச் சேர்வதற்குள், கிறிஸ்துமஸ் நாளில் ஆகனில் அவருக்கும் தியோஃபானுவுக்கும் பிறந்த மூன்று வயது மகன் ஓட்டோவுக்கு முடிசூட்டு விழா நடந்து முடிந்துவிட்டது. தாய் இத்தாலியில், குழந்தை வடக்கே, கொலோன் பேராயர் வாரினின் பொறுப்பில். இறந்தவருக்குப் பெரியப்பா சித்தப்பா மகன் முறையான, பவேரியாவின் முன்னாள் கோமகன் ஹைன்ரிஷ் உட்ரெக்ட் காவலிலிருந்து வெளியே வந்து, நெருங்கிய ஆண் உறவு நானே என்று குழந்தையைக் கேட்டார். வாரின் கொடுத்துவிட்டார். 984 ஈஸ்டருக்கு குவெட்லின்பர்க்கில் கூடியவர்கள் ஹைன்ரிஷையே அரசர் என்று வாழ்த்தினார்கள்.

தியோஃபானு பாவியாவில் மாமியார் அடெல்ஹைடோடு இருந்தார். இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் இப்போது ஒன்றாக நின்றார்கள். மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் குழந்தையின் பக்கம் உறுதியாக இருந்தார். சாக்சனியப் பிரபுக்களில் பலரும் ஹைன்ரிஷை ஏற்க மறுத்தார்கள். 984 ஜூன் 29 அன்று ரோர் என்ற இடத்தில் ஹைன்ரிஷ் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார்.

பழிவாங்கல் எங்கே என்று தேடினேன், இல்லை. மறு ஆண்டு பவேரியாவையே ஹைன்ரிஷுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 986 ஈஸ்டர், அதே குவெட்லின்பர்க்: நான்கு கோமகன்கள் சிறுவன் ஓட்டோவுக்குப் பணிவிடை செய்கிறார்கள். உணவு மேசையில் நின்று பரிமாறும் பொறுப்பு ஹைன்ரிஷுக்கு. இரண்டு ஆண்டுகளுக்குமுன் அரசர் என்று வாழ்த்துப் பெற்ற அதே ஊரில்! இதைத் திட்டமிட்டவர் யார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு ஐயமில்லை.

ஜூன் 8

உடம்பு அசதி. ஒரு வரி மட்டும்: போலந்தை ஆண்ட மியெஷ்கோ சிறுவன் ஓட்டோவுக்கு ஓர் ஒட்டகத்தைப் பரிசளித்தார். ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒட்டகத்தை அண்ணாந்து பார்த்த அந்தப் பகல் பொழுதை நினைத்தபடியே தூங்கப் போகிறேன்.

ஜூன் 12

தேடிய சொல் ரவென்னாவில் கிடைத்தது.

989இல் தியோஃபானு மகனை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போனார். அங்கே தம் பெயரிலேயே ஆவணங்கள் வெளியிட்டார். 990இல் ரவென்னாவில் எழுதிய ஒன்றில் அவர் பெயர் 'தியோஃபானியுஸ்', பட்டம் 'இம்பெராடோர்'. இரண்டும் ஆண்பால். தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'பேரரசர்' என்று எழுதினால் நம் மரியாதை விகுதி ஆண் பெண் வேறுபாட்டை மூடிவிடுகிறது, அதிர்ச்சி போய்விடுகிறது. 'பேரரசன்' என்று எழுதினால்தான் அந்த இலத்தீன் வரியைப் படித்தவர் அடைந்த திகைப்பு வரும்.

படியெடுத்தவர் செய்த பிழை என்பாரும் உண்டு. இருக்கட்டும். ஆனால் அதே ஆவணம் அவருடைய ஆட்சியின் 18ஆம் ஆண்டு என்கிறதே! கணவர் இறந்து ஏழாவது ஆண்டுகூட நிறையவில்லை. மகனுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. பதினெட்டு எங்கிருந்து வருகிறது? 972இலிருந்து. மணந்து முடி சூடிய அந்த ஏப்ரல் நாளிலிருந்து எண்ணியிருக்கிறார். ஊதாத் தோலில் பொன்னால் எழுதிய 'பங்கு' என்ற சொல்லை அவர் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை, மகிழ்ச்சியில்.

ஜூன் 15

காலையிலேயே போய்விட்டேன். வெள்ளை ரோஜா ஒன்று.

அவர் இறந்தது நைமேகனில், முப்பதுகளைத் தாண்டாத வயதில். மகனுக்கு அப்போது பதினொன்றுகூட நிறையவில்லை. 994 வரை பாட்டி அடெல்ஹைட் பார்த்துக்கொண்டார். அடெல்ஹைடின் வாழ்க்கையை எழுதிய துறவி ஓடிலோ இவரை அந்தக் கிரேக்கப் பெண் என்று குறிப்பிடுகிறார். இன்னும் ஓராண்டு இருந்தால் மாமியாரின் அதிகாரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்று இவர் சொன்னதாகவும், நான்கு வாரத்துக்குள் இறந்துவிட்டதாகவும் எழுதுகிறார். மாமியார் பக்கத்துச் சாட்சி. நான் அதை நம்பத் தயாராக இல்லை.

அடக்கம் கொலோனில். பான்டலியோன் கிழக்கத்திப் புனிதர், நிக்கோமேதியாவைச் சேர்ந்தவர். அவருடைய எச்சங்களும் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தவையே.

பேழைக்கு எதிர் இருக்கையில் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். 'மகனுக்காக ஆண்டவர்' என்பதை அடித்தேன். அதற்குமேல் எழுதினேன்: தியோஃபானு, ஆட்சி 972–991.